உண்ணிப்பூ தேடிப்போன நவராத்திரி

சிரஞ்சீவிக்கு அம்மா எழுதுவது. ஆசீர்வாதம் உண்டு, எப்போதும் உண்டு. ஆனால் இது க்ஷேமம் விசாரிக்கிற கடிதம் இல்லை. குண்டலுபேட்டையிலிருந்து வருகிற, பெட்ரோலுக்குப் பதில் கரியில் ஓடும் பஸ்ஸில் நீ போட்டுவிட்ட சாக்கு மூட்டை முந்தாநாள் வந்து சேர்ந்தது. கண்டக்டர் அதை வாசலில் இறக்கி, "காட்டு ஆபீசரோட அம்மா வீடு இதுதானே?" என்று தெருவுக்கே கேட்கிற மாதிரி கேட்டுவிட்டுப் போனான். எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது, இல்லையென்று சொல்லமாட்டேன். மூட்டையின் வாய்க்குள் செருகியிருந்த உன் கடிதத்தைப் படித்த பிறகு அந்தப் பெருமை எங்கே போயிற்றோ தெரியவில்லை. அன்றிலிருந்து ஓரிடத்தில் உட்கார முடியவில்லை. கொலுப் பெட்டியைப் பரணிலிருந்து இறக்கியாயிற்று, பட்டத பொம்மைகளான ராஜா ராணியைத் துடைக்க ஆரம்பித்தேன், ராஜாவைத் துடைத்தேன், ராணி இன்னும் வைக்கோலிலேயே கிடக்கிறாள். சமையலறைக்குப் போகிறேன், எதற்கு வந்தோம் என்று மறந்து மூட்டையிடம் திரும்பி வருகிறேன். "என்னடி, ஆத்துக்குள்ளேயே பிரதக்ஷிணம் பண்ணிண்டிருக்கே?" என்று உன் அப்பாவே கேட்டுவிட்டார். அவர் கண்ணில் பட்டதென்றால் ஊர் கண்ணிலும் பட்டிருக்கும்.

நீ கேட்டதை நான் சரியாகப் புரிந்துகொண்டேனா என்று முதலில் பார். மூட்டையில் இருப்பது கடல் தாண்டி வந்த ஒரு கருவேல் ஜாதியின் விதை. தண்ணீர் வேண்டாம், எரு வேண்டாம், கல்லிலும் முளைக்கும். முள் இருப்பதால் வேலிக்கு ஆகும், வெட்ட வெட்டத் துளிர்ப்பதால் விறகுக்கு ஆகும். இந்த யுத்த காலத்தில் மைசூரில் விறகுக்கு நடக்கிற அடிதடி உனக்கும் தெரியும். ஒவ்வொரு வீட்டுக் கொல்லையிலும் நாலு செடி இருந்தால் ஜனங்கள் டிப்போ வாசலில் நிற்கவேண்டாம் என்று எழுதியிருக்கிறாய். உங்கள் ஃபாரஸ்ட் கார்டுகள் கொண்டுபோய்க் கொடுத்தால் யாரும் வாங்குவதில்லையாம், வரி போட வந்திருக்கிறார்கள் என்று கதவைச் சாத்துகிறார்களாம். "ஆனால் அம்மாவும் பக்கத்து வீட்டு நஞ்சம்மாவும் நவராத்திரியில் போகாத வீடு கிடையாது. மஞ்சள் குங்குமத்தோடு ஒரு பொட்டலம் விதையும் கொடுத்தால் மைசூர் முழுக்க முளைத்துவிடும்" என்று எழுதியிருக்கிறாய். அதற்குக் கீழே, இந்த ஏற்பாட்டை உன் மேலதிகாரியிடம் முன்கூட்டியே சொல்லிவிட்டதாகவும், அவர் மிகவும் சந்தோஷப்பட்டதாகவும், தசராவுக்கு மைசூர் வரும்போது நேரில் பார்க்கப்போவதாகவும், உன் வேலை நிரந்தரமாவது இதோடு சேர்ந்திருக்கிறது என்றும் எழுதியிருக்கிறாய். என்னைக் கேட்காமலே என் பேரைக் கொடுத்திருக்கிறாய். அது என் மனசில் தைத்தது, சொல்லிவிட்டேன்.

உன் எண்ணம் நல்லது. அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் நானும் நஞ்சம்மாவும் வீடு வீடாகப் போனோம் என்பது மட்டும்தான் உனக்கு ஞாபகம் இருக்கிறது, எதற்காகப் போக ஆரம்பித்தோம் என்பதை மறந்துவிட்டாய். நீ அப்போது முழங்கால் சிராய்ப்போடு அலைந்த வயசு. தசரா வந்தால் பொழுது சாய்ந்தால் போதும், பிள்ளைகளோடு சேர்ந்துகொண்டு "பொம்பெ கூரிசிதீரா?", பொம்மை வைத்தாயிற்றா, என்று ஒவ்வொரு வாசலிலும் கத்தி, பட்சணம் வாங்கி மடியில் கட்டிக்கொண்டு வருவாய். பெரியவர்கள் எதைத் தேடிக்கொண்டு நடந்தோம் என்று உனக்கு எப்படித் தெரியும்? இப்போது உட்கார்ந்து கேள். பதிலைக் கடைசியில் சொல்கிறேன். முதலில் கடைசிப் பக்கத்தைப் புரட்டுகிற உன் பழக்கம் எனக்குத் தெரியும், இந்த ஒரு தடவை அதைச் செய்யாதே.

அந்த நாளில் உண்ணிச்செடிமேல் சர்க்காருக்குத் திடீரென்று கவலை வந்தது. எந்தக் காலத்திலோ யாரோ தோட்டத்து அழகுக்காகக் கொண்டுவந்து வைத்தது, சாமுண்டி மலைச் சரிவெல்லாம் ஏறிவிட்டது. மேய்ச்சல் நிலத்தை அடைக்கிறது, காட்டில் சின்னச் செடிகளை வளரவிடவில்லை என்று புகார். எங்கெங்கே பரவியிருக்கிறது, எந்த மாசம் பூக்கிறது, எந்த மாசம் பழுக்கிறது என்று ஜனங்களே பார்த்துச் சொல்லவேண்டும், சம்பளம் கிடையாது, சேவை என்று ஒரு ஆபீசர் கேட்டுக்கொண்டார். வாத்தியார்கள், குமாஸ்தாக்கள், வைத்தியர் ஒருவர் என்று பத்திருபது பேர் சேர்ந்தார்கள். சர்க்கார் கச்சேரி வேலை முடிந்து வீட்டுக்கு வந்தால் ஈஸிசேரை விட்டு எழுந்திருக்காத உன் அப்பா முதல் ஆளாகப் பேர் கொடுத்தார். சாயங்காலமானால் வேஷ்டியை மடித்துக் கட்டிக்கொண்டு சைக்கிளில் கிளம்புவார். லக்ஷ்மீபுரம் முழுக்கச் சுற்றிவிட்டு வந்து, "நம்ம பேட்டையில ஒரு செடிகூடக் கிடையாது" என்று வெற்றியோடு சொன்னார்.

பக்கத்து வீட்டு நஞ்சம்மா சுவருக்கு அந்தப் பக்கம் மாட்டுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்தவள் விழுந்து விழுந்து சிரித்தாள். கன்னடக்காரியானாலும் நம் வீட்டோடு பேசிப் பேசி அவள் தமிழ் ஒரு மாதிரி தனித் தமிழாகிவிட்டது. "ஏன்ரீ அக்கா, உங்க யஜமானரு ரோட்ல தேடறாரா? ரோட்ல யார் அதை வளர்ப்பாங்க? ஹித்தலுக்குப் போய் பார்க்கச் சொல்லுங்க" என்றாள். கொல்லைப்புறத்தைத்தான் சொன்னாள். அவள் சொன்னது சரி. கிணற்றுத் தண்ணீர் வழிந்தோடுகிற இடத்தில், எருக்குழிக்குப் பக்கத்தில், இடிந்த சுவரின் சந்தில்தான் அது வளரும். அந்நிய ஆண்பிள்ளை யார் வீட்டுக் கொல்லைக்குள் போகமுடியும்? உன் அப்பா மட்டுமில்லை, அந்தப் பத்திருபது பேரும் வாசல் பக்கத்து மைசூரை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

அப்படித்தான் நாங்கள் சேர்ந்தோம். எங்களை யாரும் சேர்க்கவில்லை, நாங்களாகச் சேர்ந்துகொண்டோம். கௌரி பண்டிகைக்கு, நவராத்திரிக்கு, சங்கராந்திக்கு எள்ளும் வெல்லமும் கொடுக்க என்று வருஷத்தில் எத்தனை தடவை பெண்கள் வீடு வீடாகப் போகிறோம்! போன இடத்தில் கொலுவைப் பார்ப்பது, ஒரு பாட்டுப் பாடுவது, மஞ்சள் குங்குமம் வாங்கிக்கொள்வது, பிறகு "கொஞ்சம் கால் அலம்பிக்கறேன்" என்று கொல்லைக் கதவைத் தாண்டுவது. கௌரி பண்டிகையில் மொட்டும் பூவுமாக இருக்கும், நவராத்திரியில் பூவோடு கறுத்த பழமும் இருக்கும், சங்கராந்திக்குள் பழத்தைக் குருவி தின்று தீர்த்திருக்கும். எங்கள் பண்டிகைக் கணக்கு அந்தச் செடிக்கென்றே போட்டது போல இருந்தது. பார்த்ததை எப்படி நினைவில் வைப்பது? எழுதிக்கொண்டு போனால் சந்தேகப்படுவார்கள். நஞ்சம்மா ஒரு வழி கண்டுபிடித்தாள். ஒவ்வொரு வீட்டிலும் வெற்றிலை கொடுக்கிறார்கள் அல்லவா? செடி இருக்கிற வீட்டு வெற்றிலையின் காம்பைக் கிள்ளிவிடுவது, பூத்திருந்தால் இலையை மடிப்பது, பழுத்திருந்தால் மடிப்புக்குள் பாக்கை வைப்பது. போன வரிசையிலேயே அடுக்கிக்கொண்டு வந்து உன் அப்பாவிடம் கொடுத்துவிட்டால் அவர் பிரித்துப் படித்து ஆபீசருக்கு எழுதி அனுப்புவார். ஒரு நாள் பேச்சு சுவாரஸ்யத்தில் மனுஷர் அடுக்கிலிருந்து ஒவ்வொன்றாக எடுத்துச் சுண்ணாம்பு தடவிப் போட்டுக்கொண்டேயிருந்தார். ஒரு சந்து முழுவதையும் மென்று விழுங்கிய பிறகுதான் எனக்குத் தெரிந்தது. மறுநாள் அதே வீடுகளுக்குப் போய் மறுபடி கால் அலம்பினோம்.

சிரிக்கிறாயா? சிரி. அந்த நாட்களில் நான் சந்தோஷமாக இருந்தேன் என்பதையும் தெரிந்துகொள். சமையலறைக்கும் பெருமாள் அறைக்கும் நடுவில் நடந்துகொண்டிருந்தவளுக்கு இந்த ஊரின் முதுகுப்புறம் முழுக்கத் தெரிய ஆரம்பித்தது. எந்த வீட்டுக் கிணறு வற்றியது, எந்த வீட்டு மருமகள் கொல்லையில் போய் அழுகிறாள், எல்லாம் தெரியும். ஆபீசர் ஒரு தடவை வீட்டுக்கு வந்து உன் அப்பாவின் கையைக் குலுக்கி, "உங்கள் பேட்டையைப் போல யாரும் எழுதவில்லை" என்றார். உன் அப்பா நான் நின்றிருந்த கதவுப் பக்கம் திரும்பிப் பார்த்து, "எழுதறதுதான் நான்" என்றார். ஆபீசர் அதைப் பணிவு என்று எடுத்துக்கொண்டார்.

அதற்கடுத்த வருஷம்தான் வினை வந்தது. செடி எது என்றே பாதி ஜனங்களுக்குத் தெரியவில்லை, தெரிந்தால் அவர்களே பிடுங்கிப் போடுவார்கள் என்று ஆபீசருக்கு ஒரு யோசனை தோன்றியது. பிறத்தியார் வந்து போவது தசரா சமயத்தில்தான், ஆகையால் தொண்டர்கள் வீட்டுக் கொலுவிலெல்லாம் ஒரு கிளை வைத்துக் காட்டவேண்டும் என்று சொல்லி, மலையடிவாரத்திலிருந்து வண்டி நிறைய வெட்டி அனுப்பினார். பூவும் பழமுமாக வந்து இறங்கியது. நஞ்சம்மாவும் நானும் கொலுவுக்கு முன்னால் பெரிய காடு போட்டோம். கண்ணாடித் துண்டு ஏரி, ராகி முளைத்த மண் வயல், களிமண் பசு, நடுவில் ஒரு குட்டி ஊர். அதைச் சுற்றி நாலு பக்கமும் உண்ணிக்கிளைகளைச் செருகி, ஊரை அது விழுங்குகிற மாதிரி செய்தோம். அந்தப் புதருக்குள் மகிஷாசுரன் பொம்மையைப் பாதி மறைத்து நிறுத்தினோம். "இவன் பிழைத்தால் ஊர் பிழைக்காது" என்று நஞ்சம்மா கன்னடத்தில் ஒரு அட்டையும் எழுதி வைத்தாள். எங்களுக்கு ஒரே கர்வம்.

வந்தவர்கள் அட்டையைப் படித்தார்கள் என்றா நினைக்கிறாய்? "ஏன்ரீ, எஷ்டு சென்னாகிதெ!" என்று அழகைப் பார்த்துக் கன்னத்தில் கை வைத்துக்கொண்டார்கள். ஒரே கொத்தில் மஞ்சள், ஆரஞ்சு, ரோஜா நிறம், அழகாகத்தானே இருக்கும்? "மாமி, எங்காத்துக் கொலுவுல பார்க் போட்டிருக்கேன், ரெண்டு கொம்பு தாங்கோளேன்" என்று ஒருத்தி கேட்டாள். நவராத்திரியில், மஞ்சள் குங்குமம் வாங்க வந்த சுமங்கலி பூ கேட்கிறாள். இல்லையென்று எப்படிச் சொல்வது? "இது பொல்லாத செடி, கொலு முடிஞ்சதும் அடுப்புல போட்டுடணும்" என்று சொல்லித்தான் கொடுத்தேன். "ஆகட்டும் மாமி" என்றாள். அவளைப் பார்த்து இன்னொருத்தி. நான் மட்டும் இல்லை, ஊரில் அந்தக் கிளையை வைத்த ஒவ்வொரு வீட்டிலும் இதேதான் நடந்தது. அந்த வருஷம் மைசூரில் உண்ணிப்பூ இல்லாத கொலு கிடையாது என்றே சொல்லலாம். விஜயதசமி கழிந்ததும் எல்லோரும் என்ன செய்தார்கள்? வாடினதைக் கூட்டி அள்ளிக் கொல்லையில் எருக்குழியில் போட்டார்கள். பழத்தோடு சேர்த்து.

மறு வருஷமும் அதற்கடுத்த வருஷமும் கௌரி பண்டிகைக்குப் போனபோது எந்தக் கொல்லையிலும் அந்தச் செடிதான். காம்பு கிள்ளாத வெற்றிலையே அடுக்கில் இல்லை. உன் அப்பா பிரித்துக்கொண்டே வந்தவர், "ஏண்டி, எல்லாத்தையும் கிள்ளிண்டு வந்திருக்கியே, விளையாடறியா?" என்றார். நான் அழுதுவிட்டேன். நாங்கள் எந்தச் சந்தில் எந்த வரிசையில் நடந்தோமோ அந்தச் சந்தில் அந்த வரிசையில் அது முளைத்திருந்தது. ஆபீசர் வரைபடத்தில் சிவப்பு மசியால் புள்ளி வைத்துக்கொண்டே, "பார்த்தீர்களா, பறவைகள் எவ்வளவு வேகமாக விதைக்கின்றன!" என்று வியந்தாராம். உன் அப்பா அவரை வீட்டுக்கே அழைத்து வந்தார். நான் கதவுக்குப் பின்னால் நிற்காமல் முன்னால் வந்து நின்று, பறவை இல்லை, கொலுவில் நாங்கள் கொடுத்ததுதான் என்று சொன்னேன். நஞ்சம்மாவும் கூட நின்றாள். அவர் பொறுமையாகக் கேட்டார். கெட்ட மனுஷர் இல்லை. "அம்மா, பெண்கள் தாம்பூலத்தோடு கொடுத்தார்கள் என்று ரிப்போர்ட்டில் எழுதினால் மேலே இருப்பவர்கள் சிரிப்பார்கள். பறவை என்றால் ஒப்புக்கொள்வார்கள்" என்று சொல்லி, காப்பியைக் குடித்துவிட்டுப் போனார். ரிப்போர்ட் அப்படியே போயிற்று. அவருக்குப் பெரிய உத்தியோகம் கிடைத்து வேறு ஊருக்கு மாற்றலானார். தொண்டர் வேலையும் அதோடு நின்றது.

எங்களுக்கு நிற்கவில்லை. பிடுங்கிப் போடுங்கள் என்று வீடு வீடாகக் கெஞ்சினோம். "ஆடு உள்ளே வருவதில்லை, திருடன் வருவதில்லை, இருந்துவிட்டுப் போகட்டுமே" என்றார்கள். கொடுக்கும்போது ஒரு வார்த்தையில் வாங்கிக்கொண்டவர்கள், திரும்பக் கேட்டபோது எங்களை விரோதி போலப் பார்த்தார்கள். பிறகு மழை பொய்த்த அந்த வருஷம் வந்தது. அது உனக்கு ஞாபகம் இருக்கவேண்டும், ஏனென்றால் நீதான் நஞ்சம்மா வீட்டுப் பசுவுக்கு அப்பாவின் குடையைப் பிடித்துக்கொண்டு நின்றாய். புல் கிடையாது, வைக்கோல் கிடையாது. சாதாரணமாக எந்த மாடும் உண்ணியை முகர்ந்து பார்த்துவிட்டு விலகிவிடும். பசி அதைத் தின்னவைத்தது. கண் மஞ்சளாயிற்று, மூக்குத் தோல் உரிந்து தொங்கிற்று, வெயில் மேலே பட்டாலே துடித்தது. நீ பள்ளிக்கூடத்துக்குப் போகமாட்டேன் என்று அடம்பிடித்து, வெயில் நகர நகரக் குடையை நகர்த்திக்கொண்டு நின்றாய். பசு செத்தபோது நீ சாப்பிட மறுத்தாய். பசு தின்ற செடி எங்கே இருந்து வந்தது என்று உனக்கு நாங்கள் சொல்லவில்லை. எங்கள் கொலுக் காட்டுக்கு மிஞ்சிய கிளைகளை நஞ்சம்மா தன் எருக்குழியில்தான் போட்டாள். செடி எது, அதன் குணம் என்ன என்று ஊருக்கே பாடம் சொன்னவள், வண்டியில் வந்த கிளை என்றதும் அதையும் கொலுக் குப்பை என்றே நினைத்துவிட்டாள். எனக்கும் தோன்றவில்லை. அன்று சுவருக்கு அந்தப் பக்கம் நின்று, "பார்க்கப் போனவங்க நாம, அக்கா. நாமளே கொண்டுவந்து வெச்சோம்" என்று ஒரே ஒரு தடவை சொன்னாள். ரொம்ப நாள் பேசவில்லை. சங்கராந்திக்கு எள்ளும் வெல்லமும் கொண்டுவந்து நீட்டினாள், நானும் வாங்கிக்கொண்டேன்.

இத்தனையும் தெரிந்தவள் என்பதால்தான் நேற்று அவளைக் கூப்பிட்டு உன் மூட்டையைக் காட்டினேன். அவள் முதல் ஆளாக வேண்டாம் என்று சொல்வாள் என்று நம்பினேன். அவளோ விதையைக் கையில் அள்ளி, பேரனைக் கொஞ்சுகிற மாதிரி பார்த்தாள். "நம்ம பையன் கேட்டிருக்கான், கொடுத்துடலாம் அக்கா. டிப்போ வாசல்ல நிக்கறது யாரு, அவனோட துரையா? நீங்களும் நானும்தானே? முழங்கால் போச்சு எனக்கு" என்றாள். நான் உண்ணிச்செடியைச் சொன்னேன். "அது பூ. இது விறகு. வேறெ வேறெ" என்றாள். "அன்னிக்கு அவாளும் வெறும் பூன்னுதான் கேட்டா" என்றேன். "எல்லாத்துக்கும் பயந்தா அடுப்பு எப்படி எரியும்?" என்று அவள் கேட்டாள். நான் மூட்டையின் வாயைக் கட்டினேன். அவள் கையிலிருந்த விதையை அதன்மேலேயே கொட்டிவிட்டு, "உங்க மகன் வேலை, உங்க இஷ்டம்" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டு போய்விட்டாள். சிந்தியதை ஒன்றுவிடாமல் பொறுக்கி மூட்டைக்குள் போட்டேன்.

அவள் போன பிறகு உன் கடிதத்தை மறுபடி எடுத்துப் படித்தேன். இலையை ஆடு மாடு தொடாது, ஆகையால் காவல் வேண்டாம் என்று ஒரு வரி. காயை மட்டும் மாடுகள் ஆசையாகத் தின்னும், அதனால் தீவனத்துக்கும் ஆச்சு என்று இன்னொரு வரி. நீ இரண்டையும் நல்ல குணமாக எழுதியிருக்கிறாய். நான் இரண்டையும் சேர்த்துப் படித்தேன். இலையைத் தின்று அடக்க ஒரு ஜீவன் இல்லை, காயைத் தின்று சாணத்தோடு ஊரெல்லாம் போட எல்லா மாடும் இருக்கிறது. படித்தவன் நீ, காட்டைப் பார்த்து வேலை செய்கிறவன். இந்த இரண்டு வரியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க உனக்குத் தோன்றவில்லையா? அல்லது தோன்றியும், மேலதிகாரி முகத்தில் பார்த்த சந்தோஷத்தில் தள்ளி வைத்தாயா? இதைக் கேட்கிறேனே தவிர, உன் பதிலை நினைத்தால் பயமாக இருக்கிறது.

ஒருவேளை நான் நினைப்பது தப்பாக இருக்கலாம். இந்தச் செடி சாதுவாக இருந்துவிட்டுப் போகலாம், மைசூர்க்காரர்கள் உன்னைக் கும்பிடலாம், இந்தக் கிழவிக்குப் பைத்தியம் என்று நீ சிரிக்கலாம். அப்படி ஆனால் நானும் சிரிக்கிறேன். ஆனால் ஒரு புது விதையை முதலில் நாலு வேலிக்குள் போட்டு, நாலைந்து வருஷம் போய்ப் போய்ப் பார்த்துவிட்டு அல்லவா ஊருக்குக் கொடுக்கவேண்டும்? நீ மூட்டையாக அனுப்பி, நவராத்திரி முடிவதற்குள் விதைத்துவிடச் சொல்கிறாய். அதுவும் எங்கள் கையால். நாங்கள் கொடுத்தால் ஏன் எல்லோரும் வாங்குகிறார்கள் தெரியுமா? மஞ்சள் குங்குமத்தோடு வருகிறதில் கெடுதல் இருக்காது என்று நம்புகிறார்கள். கார்டுகளை நம்பாதவர்கள் எங்களை நம்புகிறார்கள். அந்த நம்பிக்கையை உன் உத்தியோகத்துக்காக நான் எடுத்துச் செலவழிக்க முடியாது. உனக்காக வேறு எதையும் செய்வேன் என்று உனக்கே தெரியும்.

விதையைத் திருப்பி அனுப்பிவிடலாம் என்றுதான் காலையில் எழுந்ததும் நினைத்தேன். பஸ்காரனிடம் சொல்லியும் விட்டேன். பிறகு யோசித்தேன். திரும்பி வந்த மூட்டையை நீ என்ன செய்வாய்? உன் ஊரிலேயே வேறு யாரையாவது பிடித்துக் கொடுப்பாய். குண்டலுபேட்டையிலும் பெண்கள் இருக்கிறார்கள், அங்கும் நவராத்திரி உண்டு. மண்ணில் புதைக்கலாமா? புதைப்பதும் விதைப்பதும் ஒன்றுதான். வெறும் நெருப்பில் கொட்டினால் பாதி தெறித்து ஓடும். உன் கடிதத்தின் கடைசியில், விதைப்பதற்கு முன் கொதிக்கிற தண்ணீரில் முக்கி எடுத்தால் தோல் இளகிச் சீக்கிரம் முளைக்கும் என்று எழுதியிருந்தாய். அதைப் பார்த்த பிறகு சும்மா வெந்நீர் ஊற்றினால் போதாது என்று தெரிந்தது.

உன் அப்பா கச்சேரிக்குப் போனதும் கொல்லையில் கோட்டை அடுப்பை மூட்டி, உன் பூணூல் கல்யாணத்துக்கு வாங்கிய பெரிய தவலையை ஏற்றி, மூட்டை முழுவதையும் கொட்டினேன். சாப்பாட்டு வேளை தாண்டியும் வேகவிட்டேன். ஒரு விதையை எடுத்து நசுக்கிப் பார்ப்பேன், உள்ளே கெட்டியாக இருந்தால் இன்னும் விறகைத் தள்ளுவேன். பயறு வேகிற வாசனை. சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து, "என்ன, கொலு வைக்கறதுக்கு முந்தியே சுண்டலா?" என்று நஞ்சம்மா கேட்டாள். கோபத்தை மறந்து கேட்டுவிட்டாள் போலிருக்கிறது. பிறகு எட்டிப் பார்த்தாள். கொஞ்ச நேரம் கழித்துத் தன் வீட்டு விறகு ஒரு கட்டு சுவருக்கு மேலாக நீட்டினாள். அவள் மனசு மாறி நீட்டினாளா, என் விறகு தீர்ந்துபோனதைப் பார்த்துப் பரிதாபப்பட்டு நீட்டினாளா, நான் கேட்கவில்லை. நான் டிப்போவில் நின்று வாங்கிவந்த ஒரு வாரத்து விறகும் அதற்கே போயிற்று. விதை குழைந்து களியான பிறகுதான் இறக்கினேன். இன்று ராத்திரி சாப்பாட்டுக்கு எதை எரிப்பது என்று இனிமேல்தான் பார்க்கவேண்டும்.

சர்க்கார் சொத்தை அழித்திருக்கிறேன், அது தெரிந்துதான் செய்தேன். உனக்கு வேலை நிரந்தரமாகாமல் போகலாம். இந்த வேலைக்காக நீ எத்தனை ஊர் அலைந்தாய் என்று எனக்குத் தெரியும், அதை நினைத்துத்தான் அடுப்புக்கு முன்னால் உட்கார்ந்து அழுதேன். விறகுக்கு வேறு என்ன வழி என்று கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியாது. உனக்கு என்மேல் கோபம் வரும், வரட்டும். அதைக் கடிதத்தில் எழுதி அனுப்பாதே, புறப்பட்டு வந்து என் முகத்தைப் பார்த்துக் கத்து.

உன் மேலதிகாரிக்கு இன்றைக்கே நீ எழுதவேண்டியிருக்கும். என்னைக் காப்பாற்றுவதாக நினைத்துக்கொண்டு, மழையில் நனைந்து விதை கெட்டுப்போயிற்று என்று எழுதக் கை போகும். அப்படி எழுதினால் அவர் இன்னொரு மூட்டை அனுப்புவார். அம்மா வேகவைத்துவிட்டாள் என்று எழுது, ஏன் என்றும் எழுது. என் பேரை முன்பு என்னைக் கேட்காமல் கொடுத்தாய். இந்தத் தடவை நானே கொடுக்கிறேன், முழுப் பேரையும் வீட்டு விலாசத்தையும் போட்டு எழுது.